போர்ஹில்ட் எழுதாத கடிதங்கள்

திரம்மனில நல்ல வேலையை ஏன் விட்டனீங்கள் எண்டு கேட்டியள். நான் விடேல்லை, பிள்ளை. நிப்பாட்டினவை. களவெடுத்ததுக்கில்லை. ஆருக்கும் கை நீட்டினதுக்கில்லை. கடிதம் எழுதினதுக்கு. இருபத்திரண்டு வருசம் வயசாளிகளைக் குளிப்பாட்டி, சீப்பால தலை இழுத்து, மருந்து குடுத்து, சாப்பாடு தீத்தி விட்டிருக்கிறன். ஒருத்தரும் ஒரு குறை சொல்லேல்லை. கடைசியில பாருங்கோ, கடிதம் எழுதினதுக்கு.

உங்கட பையை இஞ்சால வையுங்கோ, ஆக்கள் போய்வர வழி வேணும். ஓம், அப்பிடி. இந்த நோர்வே ரயில்ல தமிழ்ச் சனத்தைக் காணுறது குறைவு, கண்டா வாய் சும்மா இருக்காது. களைப்பா இருந்தாச் சொல்லுங்கோ, நான் நிப்பாட்டுறன். எனக்கும் களைப்புத்தான். ஆனா இது நித்திரை கொண்டு போற களைப்பில்லை.

போர்ஹில்ட் எண்டு ஒரு மனுசி. எண்பத்தெட்டு வயசு. கலியாணம் முடிக்கேல்லை, பள்ளிக்கூடத்தில கணக்குப் படிப்பிச்சவா. ஆத்தோரம் மரவீடு, தனிய. ரெண்டு கண்ணிலயும் நடுவில மறைப்பு. ஓரத்தால ஆள் வாறது தெரியும், எழுத்துத் தெரியாது. காலமை ஒம்பது மணிக்கு நான் போவன். குளிக்க வார்த்து, தலை பின்னி, பாண் வெட்டிக் குடுத்து, வந்த கடிதங்களை வாசிச்சுச் சொல்லுவன். கதைக்கிறது மிகக் குறைவு. ஒரு நாளைக்கு இருபது சொல்லுக்கு மேல கதைச்சா எனக்கு அண்டைக்குத் திருவிழா.

மூண்டு வருசத்துக்கு முன்னம், ஒரு மாசி மாசம், ஹவாயில இருந்து ஒரு கடிதம் வந்துது. இங்கிலிசில. போர்ஹில்டுக்கு இங்கிலிஸ் கொஞ்சம்தான். எனக்கு வரும். வல்வெட்டித்துறையில படிக்கேக்க இங்கிலிஸ் பாடத்தில நான்தான் முதல்.

எழுதினது புவலானி எண்டொரு பொம்பிளை. பேரைப் பாருங்கோ, எங்கட பேர் மாதிரி. புவலானி ஹல்வோர்சன். அறுபத்தெட்டு வயசு. அவவின்ர பூட்டனார் ஹல்வோர் எண்டு ஒருத்தர், ஆயிரத்து எண்ணூற்று எண்பதில திரம்மனில இருந்து கப்பலேறி ஹவாய்க் கரும்புத் தோட்டத்துக்குப் போனவராம். ஓம், அப்ப இஞ்சயிருந்து அறுநூறு பேரளவில போயிருக்கினம், பஞ்சத்தில. இண்டைக்கு நாங்கள் இஞ்ச வாறம், அண்டைக்கு இவை அங்க. தோட்டத்தில அவருக்குச் சரிவரேல்லை. விட்டிட்டு கலேயா எண்ட அந்த ஊர்ப் பொம்பிளையை முடிச்சு, ஒம்பது பிள்ளையள். இப்ப ஆக்கள் இருநூறுக்கு மேல. எல்லாரையும் சேர்த்து ஒரு வம்சப் புத்தகம் எழுதுகினமாம். அதுக்காகத் திரம்மன் தேவாலயப் பதிவைத் தேடிப் பாத்தா, ஹல்வோரின்ர பேருக்குப் பக்கத்தில ஆனே எண்டு ஒரு பெண்சாதி, மார்த்தா எண்டு ரெண்டு வயசுப் பிள்ளை. ஹவாயில இருக்கிறவைக்கு அது தெரியாது. அவர் ஒருத்தருமில்லாத ஆள் எண்டுதான் அங்க சொல்லி வளர்த்தது. அந்த மார்த்தாவின்ர வழியைப் பிடிச்சுக்கொண்டு வர, கடைசியில மிஞ்சினது போர்ஹில்ட் ஒராள். அவர் உங்களை விட்டிட்டு வந்ததுக்குத் தாங்கள் மன்னிப்புக் கேக்கினமாம். 'உங்கட வீட்டில அவரைப் பற்றி ஆராவது ஏதாவது சொன்னதுண்டோ?' எண்டு கேட்டு முடிச்சிருந்தா.

நான் சொல்லுக்குச் சொல் நோர்வே பாசையில சொன்னன். போர்ஹில்ட் கோப்பிக் கோப்பையைக் கையில வைச்சபடி இருந்தா.

"எழுது," எண்டா. "அவர் கடல்ல மூழ்கித் தாண்டு செத்தவர். எங்களுக்கு அவ்வளவுதான் தெரியும்."

"வேற ஒண்டும் இல்லையோ?"

"இல்லை."

கடிதத்தோட ஒரு படம் இருந்தது. கடற்கரைப் புல்லில அம்பது அறுபது பேர். எங்கட நிறம் கொஞ்சப் பேர், இவையின்ர நிறம் கொஞ்சப் பேர், கனபேர் ரெண்டுக்கும் நடுவில. முன்வரிசையில ஒரு சின்னப் பெட்டைக்கு அப்பிடியே போர்ஹில்டின்ர நெத்தி. நான் சொன்னன், "உங்களைப் போல ஒரு பிள்ளை நிக்குது." "எனக்குத் தெரியாது, நான் பாக்கேல்லாது," எண்டிட்டு முகத்தை யன்னல் பக்கம் திருப்பினா.

கல்நெஞ்சு எண்டுதான் நினைச்சன். உண்மையா அப்பிடித்தான் நினைச்சன்.

ஞாயித்துக்கிழமை பின்னேரம் வீட்டில மேசையில இருந்து எழுதப் போனன். கை வரேல்லை. எங்கயோ இருந்து ஒரு பொம்பிளை தன்ர சனத்தைத் தேடி எழுதியிருக்கிறா. அதுக்கு 'தாண்டு செத்தவர்' எண்டு எப்பிடி எழுதுறது? நான் எழுதினன், 'உம்மட கடிதம் கண்டு சந்தோசம். எனக்குக் கண் தெரியாது, வீட்டு வேலைக்கு வாற பிள்ளை எழுதுறா. இன்னும் எழுதும்.' ரெண்டு பேருக்கும் பூட்டன் ஒராள். அந்த உறவுக்கு இவையிட்டச் சரியான சொல் இல்லை. நான் 'அன்புள்ள தங்கச்சி' எண்டு தொடங்கினன். கீழ போர்ஹில்டின்ர பேரை வைச்சன். ஒரே ஒரு கடிதம், அதோட முடிஞ்சிடும் எண்டு நினைச்சன்.

பதில் வந்துது. எட்டுப் பக்கம். 'என்னை ஒருத்தரும் தங்கச்சி எண்டு கூப்பிட்டதில்லை, நான்தான் வீட்டில மூத்தவள்' எண்டு எழுதியிருந்தா. அதை நான் போர்ஹில்டுக்கு வாசிக்கேல்லை. எப்பிடி வாசிக்கிறது?

பிறகு கேள்விகள் வரத் தொடங்கிச்சுது. ஆனே எப்பிடிப்பட்ட மனுசி? புருசன் போன பிறகு எப்பிடிச் சீவிச்சவா? மார்த்தா தகப்பனைக் கேட்டு அழுதவாவோ? நான் தலை பின்னேக்க மெல்லமாக் கேட்டுப் பாப்பன். "மார்த்தா அம்மம்மா எப்பிடி?" "கோப்பியைப் பீரிசுத் தட்டில ஊத்திக் குடிப்பா." முடிஞ்சுது. அடுத்த கிழமை கேட்டா, "சப்பாத்தை யன்னலடியில காய வைப்பா." முடிஞ்சுது. இந்த ரெண்டையும் வைச்சு நான் என்னத்தை எழுத?

அப்ப மிச்சத்தை நான் போட்டன்.

எங்கட ஐயா கப்பல்காரன். ஊரில பாதி ஆம்பிளையள் அப்பிடித்தான். எழுபத்தொண்டில கொழும்பில ஒரு கிரேக்கக் கப்பலில ஏறினவர். ரெண்டு கடிதம் வந்தது. பிறகு இல்லை. எனக்கு அப்ப ஏழு வயசு. அம்மா வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை அவருக்கும் ஒரு சாப்பாட்டுக் கோப்பை வைப்பா. சோறு போட்டு மூடி வைப்பா. பின்னேரம் எடுத்து எங்களுக்குப் பிரிச்சுத் தருவா, ஒண்டும் சொல்லமாட்டா. தபால்காரன் ஒழுங்கைக்குள்ள திரும்பினா தலைமயிரை அள்ளி முடிவா, ஆரோ பெரிய மனுசர் வாறமாதிரி. அதெல்லாத்தையும் எழுதினன். சோத்தை உருளைக்கிழங்கு ஆக்கினன். ஒடியல் கூழை மீன் சூப் ஆக்கினன். வெயிலைப் பனியாக்கினன். மற்றபடி ஒண்டும் மாத்தேல்லை. ஆனே எண்டு எழுதினது என்ர அம்மா, மார்த்தா எண்டு எழுதினது நான்.

பொய்தான். இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனா நடந்ததைத்தான் எழுதினன். நடந்த இடம்தான் வேற.

ரெண்டு வருசத்தில பத்தொன்பது கடிதம். போர்ஹில்டுக்கு வந்த கடிதத்தை என்ர பையில போட்டுக்கொண்டு வந்து, வீட்டில உறையைப் பிரிக்கேக்க ஒரு சந்தோசம் இருக்குமே, அது எனக்கு வேற ஒண்டிலயும் வரேல்லை. புவலானிக்கு முழங்கால் வருத்தம், தம்பியாருக்குக் குடி, மகள் நேர்ஸ். எல்லாம் எனக்குத் தெரியும். அவையின்ர குடும்ப ஒன்றுகூடலில என்ர கடிதத்தை வாசிச்சு எம்பது பேர் அழுதவையாம். நானும் அதை வாசிச்சிட்டு அழுதன்.

போன வருசம் வைகாசியில எழுதினா, ஆனி மாசம் வாறம், நாலு பேர், அக்காவைப் பாக்காமல் சாகக்கூடாது எண்டு. உடன எழுதினன், 'எனக்குக் கடும் வருத்தம், ஆரையும் பாக்கக்கூடாது எண்டு டொக்டர் சொல்லிப்போட்டார், அடுத்த வருசம் பாப்பம்.' புத்தியா எழுதினதெண்டு நினைச்சன். வருத்தம் எண்டதும் டிக்கெட்டை மாத்தி இன்னும் பத்து நாள் முந்தி வந்திட்டினம்.

நான் போர்ஹில்டுக்குத் தலை பின்னிக்கொண்டு இருக்கிறன். மணி அடிச்சுது. போய்த் திறந்தா புவலானி. படத்தில பாத்ததைவிடப் பெரிய ஆள். கழுத்தில பூமாலை, கையில இலையால பின்னின இன்னொரு மாலை. பின்னால தம்பியார், மகள், ஒரு மருமகன். என்னைப் பாத்து, "நீங்கள்தானே எழுதித் தாற பிள்ளை," எண்டு கட்டிப்பிடிச்சா. கட்டிப்பிடிச்சபடியே என்னையும் இழுத்துக்கொண்டு உள்ள போனா.

போர்ஹில்ட் பாதி பின்னின தலையோட கதிரையில இருக்கிறா. புவலானி முழங்கால் வருத்தத்தோட கீழ இருந்து, மாலையை மடியில வைச்சு, "அக்கா," எண்டா. நான் எழுதிக் குடுத்த சொல்லு அது. தமிழிலயே சொன்னா. ஏழாவதோ எட்டாவதோ கடிதத்தில, எனக்குத் தெரிஞ்ச ஒரு பாசையில மூத்த சகோதரியை இப்பிடிச் சொல்லுவினம் எண்டு எழுதினனான்.

"ஆர் இவை?" எண்டு போர்ஹில்ட் என்னைக் கேட்டா.

நான் சொல்லுறதுக்கு முந்தி புவலானி வெள்ளிக்கிழமைக் கோப்பையைப் பற்றிச் சொல்லத் தொடங்கிட்டா. போர்ஹில்டுக்கு அவ்வளவு இங்கிலிஸ் விளங்கும். கொஞ்ச நேரம் கேட்டிட்டு, மெல்லமா, "நான் உங்களுக்கு ஒரு கடிதமும் எழுதேல்லை," எண்டா.

அப்ப எல்லாரும் என்னைப் பாத்தினம். சீப்பு என்ர கையில.

தம்பியார்தான் முதல் எழும்பினது. அம்பத்தைஞ்சு வயசு மனுசன், முகம் சிவந்து போச்சு. "எம்பது பேருக்கு முன்னால வாசிச்சனாங்கள்," எண்டு ஒரே ஒரு வசனம். சத்தம்கூடப் போடேல்லை. வெளியில போயிட்டார். எனக்கும் வெளியில போகத்தான் மனம். கோட்டை எடுக்கப் போக, போர்ஹில்ட் கையைப் பிடிச்சா.

"இரு. இப்ப நான் சொல்லுறன். நீ அதை இங்கிலிசில சொல்லு. ஒரு சொல் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது."

அலுமாரியில மேசை விரிப்புகளுக்குக் கீழ ஒரு தகரப் பெட்டி இருக்கு, எடு எண்டா. அதுக்குள்ள ஏழு கடிதம். பழைய எழுத்து, எனக்கு ஒரு வரி பிடிபடேல்லை. போர்ஹில்டுக்குப் பாக்கத் தேவையில்லை, எல்லாம் மனப்பாடம். ஹல்வோர் ஆனேக்கு எழுதினது, மூண்டு வருசமா. தாண்டு சாகவுமில்லை, விட்டிட்டு ஓடவுமில்லை. 'இஞ்ச குளிர் இல்லை. பிள்ளைக்குச் சப்பாத்துத் தேவைப்படாது. வா.' ஒண்டில அப்பிடி. இன்னொண்டில, 'வீட்டுக்குக் கூரை போட்டிட்டன். கதவை நீ வந்து சொல்லுற பக்கம் வைக்கிறன்.' கடைசிக் கடிதத்தில, 'இளவேனில் கப்பலில உங்கள் ரெண்டு பேரின்ர பேரையும் பதிஞ்சிருக்கிறன். துறையில நிப்பன்.'

ஆனே போகேல்லை. பதிலும் எழுதேல்லை. ஊருக்குத் தாண்டு செத்தவர் எண்டு சொல்லிப்போட்டா. மகளுக்கும் அதைத்தான் சொன்னவா. ஆனே செத்த பிறகு மார்த்தா பெட்டியைக் கண்டெடுத்தவா. அவவும் ஒருத்தருக்கும் சொல்லாமல், கடைசிக் காலத்தில போர்ஹில்டுக்கு மட்டும் சொல்லிப்போட்டுப் போனவா.

"ஏன் போகேல்லை?" எண்டு புவலானி கேட்டா.

"தெரியாது. கடலுக்குப் பயமோ, தாயை விட ஏலாதோ, தன்னைக் கேக்காமல் போனவன் எண்ட கோவமோ. எங்கட ஆக்களுக்கு வீம்பு கூட. நீங்கள் அவர் எங்களை விட்டிட்டுப் போனவர் எண்டு மன்னிப்புக் கேட்டு எழுதியிருந்தியள். அவர் எங்களை விடேல்லை. நாங்கள்தான் அவரை விட்டனாங்கள். அதை எப்பிடி எழுதுறது? அதுதான் தாண்டு செத்தவர் எண்டு எழுதச் சொன்னன்."

நான் எல்லாத்தையும் சொன்னன், பிள்ளை. ஒரு சொல் கூட்டேல்லை. வீம்பு எண்டதுக்கு மட்டும் இங்கிலிசில சரியான சொல் வரேல்லை, ரெண்டு மூண்டு தரம் மாத்தி மாத்திச் சொன்னன். சொல்லச் சொல்ல எனக்கு அந்த ஆனேயில ஒரே ஆத்திரம். ஏழு கடிதம். ஏழுக்கும் ஒரு வரி பதில் போடாமல் இருக்கிறதுக்கு ஒரு பொம்பிளைக்கு எப்பிடி மனம் வரும்?

புவலானி அந்தக் கடிதங்களை மடியில வைச்சுத் தடவினா. தகப்பனார் சொல்லுவாராம், பூட்டனார் கிழவனான பிறகும் இளவேனில் வந்தா, ஒரு அலுவலும் இல்லாமல் கப்பல் துறைக்குப் போய் நிண்டிட்டு வருவாராம். கேட்டா, காத்து வாங்கப் போனனான் எண்டுவாராம். அதைச் சொல்லிப்போட்டு அவா அழுதா. போர்ஹில்ட் கையை நீட்டித் தடவித் தடவி அவவின்ர தலையைக் கண்டுபிடிச்சா. அவை ரெண்டு பேரும் அப்பிடி இருக்க, நான் குசினியில போய் நிண்டன்.

கொஞ்சத்தால புவலானி குசினிக்கு வந்தா. ஏசப்போறா எண்டு நிண்டன்.

"அப்ப அந்த வெள்ளிக்கிழமைக் கோப்பை ஆரின்ர?"

"என்ர அம்மாவின்ர."

"உங்கட அப்பா வந்தவரோ?"

"இல்லை."

தலையை ஆட்டிப்போட்டுப் போயிட்டா.

அடுத்த நாள் போர்ஹில்ட் தானே கொம்யூனுக்கு, எங்களுக்கு வேலை தாற நகரசபைக்கு, ரெலிபோன் எடுத்துச் சொல்லிப்போட்டா. மேலதிகாரி கூப்பிட்டா. நல்ல பெட்டைதான், கண் கலங்கினவா. ஆனா சட்டம் சட்டம்தானே. பராமரிப்பில இருக்கிற ஆளின்ர பேரில கையெழுத்து வைச்சது, வந்த கடிதத்தை மறைச்சது. நான் இல்லையெண்டு சொல்லேல்லை. பிறகு கேள்விப்பட்டன், போர்ஹில்ட் ரெண்டாம் மாசம் திருப்பி ரெலிபோன் எடுத்து, ஹவாய்க் கடிதம் வாசிக்க என்னைத்தான் அனுப்பச் சொல்லிக் கேட்டவாவாம். 'பக்கத்தில இருந்து பாத்துக்கொண்டா அவள் ஒழுங்கா வாசிப்பாள்' எண்டவாவாம். ஏலாது எண்டிட்டினம். இப்ப அவைக்குக் கடிதம் தேவையில்லை, ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை ரெலிபோனில கதைக்கினமாம். கதைக்கட்டும். இருபது சொல் கதைக்காத மனுசி. ரெண்டு வருசம் கதைச்சது நான்.

எனக்கு ஆரும் நன்றி சொல்ல வேணும் எண்டில்லை. சும்மா சொல்லுறன்.

போன மாசம் எனக்கு ஒரு கடிதம் வந்துது. என்ர பேருக்கு, என்ர வீட்டுக்கு. புவலானி. தம்பியார் அந்தக் கடிதங்களைப் புத்தகத்தில இருந்து எடுக்கச் சொல்லி நிண்டவராம். இவா எடுக்கேல்லையாம். ஆனேயின்ர இடத்தில இருந்து எடுத்து, கடைசியில தனியா வைச்சு, மேல என்ர அம்மாவின்ர பேர் போடப்போறாவாம். என்ன பேர் எண்டு கேட்டு, ஒரு படிவமும் அனுப்பியிருக்கிறா. தாய் தகப்பன், பிறகு நான், எனக்குக் கீழ பிள்ளையள், அதுக்குக் கீழ பேரப்பிள்ளையள். எல்லாத்துக்கும் கோடு போட்டு. ஹவாயில அச்சடிக்கிற புத்தகத்தில வல்வெட்டித்துறைச் சனத்துக்கு என்ன அலுவல்? ஆனா நிரப்பினன். ஐயா, அம்மா, செத்துப்போன என்ர மனுசன், நான். எனக்குக் கீழ மகள், சிந்துஜா. அவளுக்குப் பக்கத்தில ஐரிக். இந்த நாட்டுப் பெடியன்.

அது ஒரு கதையுமில்லை. ஒரு நாள் வந்து, நாங்கள் கலியாணம் பதிஞ்சிட்டம் எண்டாள். ஒரு சொல் கேக்காமல். நான் ஏசேல்லை, கத்தேல்லை. இனி வராதை எண்டு மட்டும் சொன்னனான். நாலு வருசம். பிறகு பிள்ளை பிறந்தது எண்டு ஆக்கள் சொல்லிச்சினம். அவளும் போனில படங்கள் அனுப்புறவள், ஆறோ ஏழோ வந்து கிடக்கு. நான் திறக்கேல்லை. அவள்தானே முதல் வந்து கதைக்க வேணும். வராதை எண்டு சொன்னாப்போல வராமல் விடுறதே?

டிக்கெட் பாக்கிற ஆள் வரேக்க நீங்கள் துரொண்ட்ஹைம் எண்டு சொன்னது கேட்டுது. அவளும் அங்கதான். பெரியாஸ்பத்திரிப் பக்கம் எண்டு கேள்வி. நான் அவ்வளவு தூரம் வரேல்லை, ஹாமரில இறங்கிடுவன். அங்க தனியார் வயோதிபர் இல்லம் ஒண்டில வேலை கேட்டிருக்கிறன், இண்டைக்கு நேர்முகம். இந்தா, சொல்லினம், ஹாமர்தான்.

அந்தக் குடையை எடுத்துத் தாங்கோ. நன்றி.

துரொண்ட்ஹைமில தமிழ்ச் சனம் கொஞ்சம்தானே, அவளைக் கோயில் வழிய காணுவியள். கண்டா, என்னைக் கண்டது எண்டு சொல்ல வேண்டாம். அவளாக் கேட்டா, சுகமா இருக்கிறா எண்டு சொல்லுங்கோ. பிள்ளையைக் கொண்டு வந்தாளெண்டா பேரென்ன எண்டு மட்டும் கேட்டு எனக்கு ஒரு மெசேச் போடுங்கோ, நம்பர் இந்தத் துண்டில எழுதியிருக்கிறன். எழுத்துக் கூட்டிப் போடுங்கோ, இவையின்ர பேருகள் சொல்லுறது ஒண்டு, எழுதுறது ஒண்டு. அந்தப் படிவத்தில கீழ ஒரு கோடு வெறுமையாக் கிடக்கு.

எனக்கில்லை, பிள்ளை. அந்தப் புத்தகத்துக்கு.